முப்பத்தொன்றாம் வாயிலின் புறப்பாடுகள்

அந்த ஓசையை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. செயின்ட் ஆல்பன் விமான நிலையத்தின் நடுக்கூடத்தில் பெரிய கறுப்புப் பலகை ஒன்று தொங்கியது. ஊர்ப்பெயர்கள் சின்னச் சின்னத் தகடுகளில் இருக்கும். ஒரு விமானம் கிளம்பியதும் அதன் வரி மறைந்து, கீழே இருக்கும் வரிகளெல்லாம் ஒரு படி மேலே ஏறும். அப்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரளும். அறுத்து முடித்த சோளக்காட்டிலிருந்து சிட்டுகள் ஒரே மூச்சில் எழும்புவதுபோல் இருக்கும். கூடத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். யாரோ எங்கோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

பிறகு ஒருநாள் பலகையைக் கழற்றிவிட்டுத் திரைகளை மாட்டினார்கள். திரைகளுக்கு ஓசை கிடையாது. போனவர்கள் நிஜமாகவே போனார்களா என்று நிமிர்ந்து பார்க்கும் பழக்கமும் எங்களை விட்டுப் போயிற்று. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் நிலையத்தை இரண்டு பெரிய நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று ஆர்மிடேஜ். அதில்தான் நான் முப்பத்தொன்பது ஆண்டுகள் வாயில் பணியாளராக இருந்தேன். மற்றது காலோவே. அதன் பெயரை நாங்கள் சொல்வதில்லை, ‘எதிர்ப்பக்கம்’ என்போம். பயணிகள் விமானம் ஏறும் வாயில்கள் மொத்தம் அறுபது. யாருக்கு எத்தனை என்ற சண்டை ஓயாததால், நிலைய ஆணையம் கூடி நியாயமான ஒரு விதியைச் செய்தது. ஓராண்டில் எந்த நிறுவனம் எத்தனை புறப்பாடுகளை நிகழ்த்துகிறதோ, அந்த விகிதத்தில் அடுத்த ஆண்டுக்கான வாயில்கள் பிரித்தளிக்கப்படும். விமானம் பெரிதா சிறிதா, உள்ளே முந்நூறு பேரா மூன்று பேரா என்று விதி கேட்கவில்லை. விதிக்கு எண்ணத் தெரியும், எடைபோடத் தெரியாது.

ஆர்மிடேஜின் வளர்ச்சித் துணைத் தலைவியாகக் கோர்ட்னி ஆப்பிள்கேட் என்ற பெண் வந்து சேர்ந்தாள். முப்பத்து மூன்று வயது, வெள்ளைக் காலணி, கையில் எப்போதும் ஒரு பச்சைச் சாறு. எங்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

“பெரிய விமானம் ஒண்ணு இருநூறு பேரை ஏத்திக்கிட்டுக் கிளம்புது. எத்தனை புறப்பாடு?”

“ஒண்ணு” என்றோம்.

“அதே இருநூறு பேரை நாலு சின்ன விமானத்துல ஏத்தினா?”

“நாலு.”

“அவ்வளவுதாங்க. இதுக்குப் பேர்தான் வளர்ச்சி.”

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: “ஆளுங்க அதே இருநூறு பேர்தானேம்மா?”

“ஆளுங்களை வெச்சு யாரு கணக்கு பார்க்குறா?” என்றாள் கோர்ட்னி, அன்பாக.

சின்ன விமானம் ஓட்டுவது பெரிய நிறுவனத்துக்குக் கௌரவமல்ல. அதற்கென்றே பிளம் க்ரீக் ஏர் போன்ற வட்டார நிறுவனங்கள் இருந்தன. அவர்களுடைய விமானத்துக்கு எங்கள் வண்ணம் பூசப்பட்டது. அவர்களுடைய விமானிகள் எங்கள் டையைக் கட்டினார்கள். கதவுக்குப் பக்கத்தில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் எழுத்தில், ‘இயக்குவது: பிளம் க்ரீக்’ என்று எழுதியிருக்கும். விமானம் நேரத்துக்குப் போனால் அது ஆர்மிடேஜ். தாமதமானால் அது பிளம் க்ரீக். இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் பூரண திருப்தி என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கமே சொல்லியது.

என் வாயில் முப்பத்தொன்று. அங்கே வந்த பிளம் க்ரீக் விமானி லோவெல் பிரான்ட்வோல்ட். அறுபது வயதிருக்கும், நெட்டையான மனிதர். விமானத்துக்குள் நிமிர்ந்து நிற்க முடியாமல் முப்பது வருஷமாகக் குனிந்து குனிந்து, வெளியிலும் குனிந்தே நடப்பார். பேச்சு குறைவு.

முப்பத்தொன்றாம் வாயிலிலிருந்து ஆட்டர் ஃபால்ஸுக்கு விமானம் போகும். நூற்றெழுபது மைல் தள்ளி, ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, பன்றிப் பண்ணைகள். தினமும் இரண்டு விமானம் போய்க்கொண்டிருந்த ஊருக்கு வளர்ச்சித் திட்டத்தின்கீழ் பதினொன்று போகத் தொடங்கியது. ஆட்டர் ஃபால்ஸ் பூரித்துப்போயிற்று. பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழு ஓடுதளத்தில் நின்று வாசித்தது. மேயர் நாடாவை வெட்டி, ‘இனி நாமும் உலகத்தின் நடுவில்’ என்றார். அந்த ஊருக்கு நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பேருந்து நின்றுபோயிற்று. தினம் பதினொரு விமானம் வருகிற ஊருக்கு எவன் பேருந்தில் போவான் என்று பேருந்துக்காரர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் எதிர்ப்பக்கம் தூங்கவில்லை. அவர்களும் நாலைந்து வட்டார நிறுவனங்களைப் பிடித்து, ஒன்பது இருக்கை விமானங்களைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஆட்டர் ஃபால்ஸுக்குப் பதினாறு ஆக்கினோம். அவர்கள் ஏதோ ஒரு ஊருக்குப் பத்தொன்பது ஆக்கினார்கள். அந்த ஊரில் மொத்தமே அறுநூறு பேர்தான். அவர்கள் எல்லோரும் கைக்குழந்தைகளோடு வாரம் ஒருமுறை பறந்தாலும் விமானம் நிரம்பாது.

அப்போதுதான் கோர்ட்னி ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள். விமானங்களின் நேரமெல்லாம் பறப்பதிலேயே வீணாகிறது. போக முப்பத்தைந்து நிமிஷம், வர முப்பத்தைந்து நிமிஷம், அந்த ஊரில் நிற்க அரை மணி. இத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு புறப்பாடு.

சட்டப் பிரிவை அழைத்து விதியைப் படிக்கச் சொன்னாள். விதி இப்படி இருந்தது: ‘புறப்பாடு எனப்படுவது, கதவு மூடப்பட்ட விமானம் ஒன்று பிரேக் விடுவிக்கப்பட்டு வாயிலிலிருந்து பின்னோக்கி நகர்தல் ஆகும்.’

“அப்புறம்?” என்று கேட்டாளாம்.

“அவ்வளவுதான் மேடம்.”

“போய்ச் சேர்றதைப் பத்தி?”

சட்டப் பிரிவு இரண்டு நாள் தேடியது. போய்ச் சேர்வது பற்றி நூற்றிருபது பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த திங்கள்கிழமை சுற்றறிக்கை வந்தது. ‘இயக்கத் திறனை மேம்படுத்தும் பொருட்டு, முப்பத்தொன்றாம் வாயிலிலிருந்து நிகழும் புறப்பாடுகளில் பயணப் பகுதி மறு அறிவிப்பு வரும்வரை தளர்த்தப்படுகிறது.’

லோவெல் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“மேவிஸ், பயணப் பகுதின்னா என்ன?”

“பறக்குறது, கேப்டன்.”

“அதைத் தளர்த்துறாங்களா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“சரி” என்றார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் எதற்கும் ‘சரி’ என்பார்கள். வீடு தீப்பற்றினாலும் தீயணைப்புக்காரரிடம் ‘உங்களுக்கு வீண் சிரமம்’ என்பவர்கள்.

அன்றிலிருந்து முறை இது. நான் சீட்டுகளைச் சரிபார்த்து எல்லோரையும் ஏற்றுவேன். கதவு மூடும். விமானம் அறுபது அடி பின்னால் நகரும். அரை மணி நேரம் அங்கேயே நிற்கும். பிறகு அறுபது அடி முன்னால் வரும். கதவு திறக்கும். பயணிகள் இறங்குவார்கள். திரையில் ‘புறப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் தெரியும். நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று.

கலவரம் வரும் என்றுதான் நான் பயந்தேன். ஆனால் பயணிகள் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். வாசலில் நிற்கும் விமானியிடம் “ரொம்ப நன்றி, ஆட்டமே தெரியல” என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். இறங்கியதும் எதிரில் நான். ஏறும்போது பார்த்த அதே நான். சங்கடமாகச் சிரிப்பார்கள். “அடுத்தது எப்ப மேடம்?” என்பார்கள். “பத்து நிமிஷத்துல” என்பேன். “பரவாயில்ல, மோசமில்ல” என்று உட்காருவார்கள். தான் கிளம்பவே இல்லை என்பதை முதலில் சொல்வது மரியாதைக் குறைவு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மற்றவர்கள் யாரும் சொல்லவில்லையே.

இரண்டொரு பேர் முணுமுணுக்கத் தொடங்கியபோது கோர்ட்னி சலுகை ஒன்றை அறிவித்தாள். மைல்களுக்கு இதுவரை கொடுத்துவந்த புள்ளிகள் இனிப் புறப்பாடுகளுக்கு. திரும்பி வந்து வாயிலில் சீட்டைக் காட்டினால் ஒரு புள்ளி ஏறும். மூன்று புள்ளிக்கு வெள்ளி, ஆறுக்குத் தங்கம், பத்துக்குப் பிளாட்டினம். பிளாட்டினக்காரர்கள் முதலில் ஏறலாம். முதலில் இறங்கலாம்.

ஒரே வாரத்தில் முணுமுணுப்பு நின்றது. உள்ளூர்க்காரர்களே சீட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைகள் இருவர் தினமும் ரொட்டியும் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக வந்து, ஐந்து புறப்பாடு உட்கார்ந்து பின்னிவிட்டு, சாயங்காலம் காரில் வீட்டுக்குப் போவார்கள். யாரைப் பார்த்தாலும் “நீங்க என்ன நிலை?” என்பதுதான் பேச்சு. கூடத்தில் உயிர்த்துடிப்பு போதாது என்று ஓர் ஆலோசகரை வரவழைத்தாள் கோர்ட்னி. அவர் பழைய பலகையின் ஓசையை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒலிபெருக்கியில் ஒலிக்க வைத்தார். என் தலைக்குமேல் சிட்டுகள் நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எழும்பின. அண்ணாந்து பார்த்தால் கூரை.

கணக்கு ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆர்வில் ஸ்டெனெரூட் வந்து சேர்ந்தார்.

ஆட்டர் ஃபால்ஸ்காரர், மாட்டு வைத்தியர், எழுபது வயது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவருடைய ஒரே மகள் ஜனெலுக்குக் கல்யாணம். தாயில்லாத பெண். அவர்தான் கைபிடித்து அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். ஜனெலின் அம்மா கல்யாணத்தில் போட்ட முகத்திரை அரிசோனாவில் அந்த அம்மாவின் அக்கா வீட்டில் இருந்தது. அதைத் தபாலில் அனுப்ப மனமில்லாமல், தெரிந்தவர் ஒருவர் வண்டியில் செயின்ட் ஆல்பன் வரை வந்து, அங்கிருந்து தானே பறந்து போய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு வட்டத் தொப்பிப் பெட்டியில் வைத்து, மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தார். கண்ணில் அப்போதுதான் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. கார் ஓட்டக்கூடாது.

“இன்னிக்குப் பதினாறு ஃப்ளைட் இருக்காமே மேடம்” என்றார் மகிழ்ச்சியாக. “நான் சின்ன வயசுல எங்க ஊருக்கு ஒரு டிராக்டர்தான் வரும்.”

நான் சீட்டைச் சரிபார்த்தேன். கதவு மூடியது. அரை மணியில் கதவு திறந்தது. பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கி வந்து என்னைப் பார்த்தார்.

“நீங்க எங்க ஊர் கேட்டுலயும் வேலை பார்க்குறீங்களா?”

“இல்லைங்க. இது செயின்ட் ஆல்பன்தான்.”

“ஓ.” கண்ணைக் கசக்கப்போய்க் கையை இறக்கிக்கொண்டார். “என்னவோ கண்ணுல மருந்து போட்டிருக்கேன். சரியாத் தெரியல. ஃப்ளைட் நல்லா இருந்துச்சு.”

“அடுத்தது பத்து நிமிஷத்துல.”

“அப்ப என்ன, பத்து நிமிஷம்தானே.”

இதுதான் பொறி. ‘விமானம் இல்லை’ என்று சொல்லியிருந்தால் மனிதர் வேறு வழி தேடியிருப்பார். விமானம் எப்போதும் பத்து நிமிஷத்தில் இருந்தது. அன்று ஐந்து தடவை ஏறி இறங்கினார். மாலையில் விடுதிச் சீட்டு கொடுத்து அனுப்பினேன். முதல் புறப்பாடு ஒன்பது இருபதுக்குத்தான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார், சவரம் செய்து, கல்யாணக் கோட்டும் அப்போதே போட்டுக்கொண்டு. ஆறாவது முறை இறங்கியபோது என் கணினி மணியடித்தது. தங்க நிலை.

கோர்ட்னியே நேரில் வந்து கைகொடுத்தாள். “ரெண்டே நாள்ல தங்கம்! சார், உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாங்க வளர்றோம்.” கழுத்தில் தங்க நிற அட்டையைத் தொங்கவிட்டுப் படமெடுத்தார்கள். ஆர்வில் வெட்கப்பட்டார். எழுபது வருஷத்தில் யாரும் அவரை இவ்வளவு பாராட்டியதில்லை போலும்.

“எதுக்கும்மா இதெல்லாம். நான் ஒண்ணும் பெருசாச் செய்யலையே. உட்கார்ந்துதான் இருந்தேன்.”

ஒன்பதாவது முறை இறங்கியபோது மணி பதினொன்று ஐம்பது. கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “எழுத்து தெரிய மாட்டேங்குது. ஜனெல்னு இருக்கும். கொஞ்சம் போட்டுக் குடுங்க மேடம்.”

போட்டுக் கொடுத்தேன். ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. லோவெல் கதவோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது.

“அப்பா! எங்கப்பா இருக்கீங்க? திரையில உங்க ஃப்ளைட் ஒன்பது தடவை புறப்பட்டதுன்னு வருது. நானும் ஒன்பது தடவை ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன்!”

“உனக்கு வீண் அலைச்சல் கண்ணு.”

“நேத்தே சொன்னேன், கர்ட்டை வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்றேன்னு. வேண்டாம்னுட்டீங்க.”

“மாப்பிள்ளையை மூணு மணி நேரம் ஓட்டச் சொல்லுவாங்களா, கல்யாணத்துக்கு முந்தின நாள்? நல்லா இருக்காதும்மா. இங்க எல்லாரும் நல்லாக் கவனிச்சுக்கிறாங்க. எனக்குத் தங்க நிலை குடுத்திருக்காங்க.”

“என்ன நிலை?”

“தங்கம். இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்புறம் பிளாட்டினம்.”

பிறகு ஜனெல் மெதுவாகச் சொன்னாள். “இப்ப வண்டியில கிளம்பினாக்கூட வந்து சேர முடியாதுப்பா. இரண்டு மணிக்கு மேல பாதிரியார் காத்துக்கிட்டிருக்க மாட்டாரு. நாலு மணிக்கு அவருக்குப் பக்கத்து ஊர்ல ஒரு அடக்கம் இருக்கு. அம்மாவோட திரை இல்லாம, நீங்களும் இல்லாம, நான் தனியா நடந்து போயிடுறேன். பரவாயில்ல.”

“மோசமில்லம்மா” என்றார் ஆர்வில். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார். கைப்பேசியை அணைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

லோவெல் காப்பிக் கோப்பையைக் குப்பையில் போட்டார். தொப்பிப் பெட்டியைப் பார்த்தார்.

“மேவிஸ், எல்லாரையும் ஏத்திடுங்க.”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கே, கேப்டன்.”

“இருக்கட்டும். எரிபொருள் இருக்கு. ஏழு மாசமாச் செலவே ஆகல.” கதவுப் பக்கம் திரும்பி, “ஆட்டர் ஃபால்ஸ் எந்தப் பக்கம்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு” என்றார்.

ஆசிரியைகளையும் ஆர்விலையும் சேர்த்து ஒன்பது பேரை ஏற்றினேன். கதவை மூடினேன். மணி பன்னிரண்டு ஆறு. விமானம் அறுபது அடி பின்னால் நகர்ந்தது. ஒலிபெருக்கியில் சிட்டுகள் எழும்பின. நான் அடுத்த புறப்பாட்டின் பெயர்ப் பட்டியலை எடுத்தேன்.

விமானம் திரும்பியது. ஆனால் வாயில் பக்கம் திரும்பவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் முறைப்படி அனுமதி கேட்டாராம். கோபுரத்தில் இருந்தவர் “முப்பத்தொண்ணா? நிஜமாவா?” என்று மூன்று முறை கேட்டாராம். பிறகு ஓடுதளத்திலிருந்து ஒரு இரைச்சல் வந்தது. என் வாயில் கண்ணாடி அதிர்ந்தது. கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. வெயில் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

கோர்ட்னி ஓடி வந்தாள். “எங்க போகுது அது?”

“ஆட்டர் ஃபால்ஸுக்கு.”

“எதுக்கு?”

முப்பத்தொன்பது வருஷப் பணிக்காலத்தில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி அது ஒன்றுதான்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு விமானம் ஆட்டர் ஃபால்ஸில் இறங்கியது. ஜனெல் பத்தாவது முறையாக வந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஆர்வில் மகளைக் கைபிடித்து அழைத்துப் போனார். முகத்திரை நீளம் கொஞ்சம் கூடுதல் என்றும், அது அவளுக்கு அழகாகவே இருந்தது என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

விமானத்தால் திரும்ப முடியவில்லை. ஏழு மாதமாக எதுவும் வராததால், எரிபொருள் நிரப்புகிற ஆள் சோள அறுவடைக்குப் போய்விட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை முப்பத்தொன்றாம் வாயிலில் மேலும் பதினோரு புறப்பாடுகள் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஆண்டுக் கணக்கில் எதிர்ப்பக்கம் எங்களைவிட நான்கு புறப்பாடுகள் அதிகம் பெற்று, ஒரு வாயிலை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது. அது என் வாயில்தான்.

விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு முறையாக எழுதப்பட்டிருந்தது: ‘பயணிகள் ஒன்பது பேருடன், அனுமதியின்றி, சீட்டில் குறிப்பிட்ட ஊரைச் சென்றடைந்தமை.’

பிளம் க்ரீக்கின் சார்பில் வந்தவர் கேட்டார்: “லோவெல், வழி தவறிட்டீங்கன்னு சொல்லிடுங்களேன். எச்சரிக்கையோட விட்டுருவாங்க.”

“வழி தவறலைங்க. நேராத்தான் போனேன்.”

“அதைத்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன்.”

பின்னல் பின்னிய ஆசிரியைகள் சாட்சி சொன்னார்கள். எங்களை எங்கள் விருப்பத்துக்கு மாறாக ஆட்டர் ஃபால்ஸுக்குக் கொண்டுபோனார், எங்கள் கார் செயின்ட் ஆல்பனில் நின்றது, பின்னல் ஊசி ஒன்று குலுங்கலில் தொலைந்தது என்றார்கள். ஏழு மாதம் எங்கும் போகாததற்கு ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், ஒரு தடவை போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு பக்கம் புகார் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கடைசியாக என்னைக் கேட்டார்கள். கதவை மூடும் முன்பே கேப்டன் தன் எண்ணத்தைச் சொன்னாரா? ஆமாம், அல்லது இல்லை. எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. ஆமாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதியது பொய்யில்லை. அவ்வருடம் ‘வளர்ச்சித் தூதர்’ என்று பொறித்த கண்ணாடிக் கோப்பை ஒன்று எனக்குத் தரப்பட்டது.

ஆனால் தீர்ப்பை முடிவுசெய்தது என் கையெழுத்து அல்ல, ஆர்விலின் கருத்துப் படிவம். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தார்.

“மேடம், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. கேப்டனுக்கு நன்றி சொல்லிடுங்க. ஜனெல் அவரை நினைச்சு நினைச்சு அழறா.”

“சொல்லிடுறேன்.”

“இன்னொரு விஷயம். யாருக்கும் தொந்தரவு குடுக்கணும்னு இல்ல. அந்தக் கடைசி ஃப்ளைட்... அது பத்தாவது. புள்ளி ஏறிடுச்சுங்களா?”

“இல்லைங்க. திரும்பி வந்தாத்தான் ஏறும். அது போய்ச் சேர்ந்திடுச்சே.”

“ஓ” என்றார். “கொஞ்சம் வருத்தம்தான்” என்றார்.

இதையே படிவத்திலும், அடக்கமாக, ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தார்: ‘எல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் சென்றடைந்ததால் பிளாட்டினம் தவறியது.’ நிறுவனத்தின் வழக்கறிஞர் அதை முதல் ஆவணமாகத் தாக்கல் செய்தார். லோவெல் அதைப் படித்துவிட்டு, “பாவம், அவருக்கு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு” என்றார். அன்றே வேலை போயிற்று.

ஆண்டு முடிந்ததும் ஆணையம் விதியை மாற்றியது, புறப்பாடுகளின் தேவையும் முடிந்தது. பிளம் க்ரீக்கின் ஒப்பந்தம் ரத்தானது. ஆட்டர் ஃபால்ஸுக்கான பதினாறு விமானங்களும் ஒரே நாளில் நின்றன. எங்கள் வாயிலைப் பறித்த எதிர்ப்பக்கத்துக்கு அங்கே நிறுத்த விமானம் இல்லை. அந்த இடத்தில் இப்போது சுட்ட உப்பு பிரெட்ஸல் ரொட்டி விற்கிறார்கள். அதிகப் புறப்பாடுகளுக்காக நிலைய ஆணையம் ஒரு விருது வாங்கி, கூடத்தின் நடுவில், பழைய பலகை தொங்கிய அதே கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறது. கோர்ட்னி இப்போது ஒரு மருத்துவமனையில் வளர்ச்சிக்குத் துணைத் தலைவி என்கிறார்கள்.

விமானம் நின்றதால் ஆட்டர் ஃபால்ஸுக்கு மறுபடியும் பேருந்து விட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. ஓட்டுபவர் லோவெல் பிரான்ட்வோல்ட். காலை எட்டேகாலுக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்கிறார்.